விருந்தும் முறையும்

2023 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை. வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், கைப்பிடியில் ஒரு சின்ன மரப்பலகை கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய பலகை. பல கைகள் பட்டு ஓரமெல்லாம் வழவழவென்று ஆகியிருந்தது. அதில் ஒரே ஒரு வார்த்தை: கேர்வோஹ. அந்தக் குடியிருப்புக்கு நான் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்களோ என்று ஒரு நிமிடம் வயிறு கலங்கிவிட்டது. போனை எடுத்து அர்த்தம் பார்த்தேன். 'பெருக்கும் வாரம்' என்றது.

ஜெர்மனியின் தென்மேற்கில் இருக்கிற ஸ்டுட்கார்ட் நகரத்துக்கும் அதைச் சுற்றியிருக்கிற ஸ்வாபியப் பகுதிக்கும் பேர்போன வழக்கம் இது. ஒரு குடியிருப்பில் ஆறு வீடு இருந்தால், வாரத்துக்கு ஒரு வீடாக முறை சுற்றி வரும். யார் கதவில் பலகை தொங்குகிறதோ அவர்கள் அந்த வாரம் மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். இன்னொரு முறையில் வாசல், நடைபாதை, குப்பைத் தொட்டி வைக்கும் இடம், குளிர்காலத்தில் பனி. 1492-ஆம் ஆண்டின் நகரச் சட்டத்திலேயே இதன் வேர் இருக்கிறது என்கிறார்கள். அவரவர் குப்பையை அவரவர் வாரந்தோறும் அப்புறப்படுத்த வேண்டும் என்று அப்போதே விதித்திருக்கிறார்கள். நகர நிர்வாகம் 1988-ல் தன் சட்டத்திலிருந்து இதை எடுத்துவிட்டது. வாடகை ஒப்பந்தங்களிலும் பக்கத்து வீட்டுக்காரர்களின் பார்வையிலும் அது அப்படியே இருக்கிறது. என் ஒப்பந்தத்திலும் இருந்தது. படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.

"படிக்கட்டு கழுவுறதுக்காடா அம்புட்டுக் கடன் வாங்கி உன்னைய அனுப்புச்சோம்? காசக் குடுத்து ஆள வச்சுச் செஞ்சுக்கப்பா."

"இங்க அதுக்குன்னு ஆள் கெடையாதும்மா."

"ஆள் இல்லாத ஊரா? அப்பறம் யாரு கூட்டுவா?"

"எல்லாருந்தாம்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டு போனை வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், அம்மா வாய்விட்டுச் சொன்னதைத்தான் நான் மனசுக்குள் நினைத்திருந்தேன். அந்த வாரம் நான் படியைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் பலகையை எடுத்துப்போய் அடுத்த கதவில் மாட்டிவிட்டு வந்தேன்.

இந்தக் கட்டுரை அந்தப் பலகையைப் பற்றியதுதான். புதிதாக ஒரு ஊருக்கு வருகிறவன் எப்போது அந்த ஊர்க்காரன் ஆகிறான் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த விடை கிடைத்ததும், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் ஊரில் நானே செய்த ஒரு காரியம் வந்து முன்னால் நின்றது. அதையும் சொல்லியாக வேண்டும்.

*

என் ஊர் அனுமந்தன்பட்டி. தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல். 2021 அக்டோபரில் மேற்படிப்புக்காக ஸ்டுட்கார்ட் வந்தேன். விசா வாங்க, முதல் வருஷச் செலவுக்கென்று 10,332 யூரோ முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அப்போதைய கணக்கு. அந்தப் பணத்துக்காகப் பந்தல் அடமானத்துக்குப் போனது.

வந்த பிறகு முதல் சில மாதங்கள் நான் எதையும் பார்த்ததாக நினைவில்லை. சோர்வு மட்டும்தான் நினைவிருக்கிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்ய வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். வீடு தருகிறவர் வங்கிக் கணக்கு எங்கே என்கிறார். வங்கி பதிவுத்தாள் எங்கே என்கிறது. பாலாடைக்கட்டியை வெண்ணெய் என்று நினைத்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலி பாட்டில்களைக் கண்ணாடித் தொட்டியில் போட்டதற்கு ஜன்னலிலிருந்து ஒரு அம்மா கத்தினார். ஞாயிறு என்றால் சத்தம் கூடாது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லத் தோன்றாது. எல்லாருக்கும் தெரிந்ததை யார் சொல்வார்கள்?

வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க்கில் குடியேறிய ஆல்ஃபிரட் ஷூட்ஸ் என்ற சமூகவியலாளர் 1944-ல் அந்நியனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஊர்க்காரனுக்கு அன்றாட வாழ்க்கை ஒரு சமையல் குறிப்பு மாதிரி என்பது அவர் வாதம். ஏன் எதற்கு என்று கேட்காமல் அதன்படி செய்தால் சோறு வெந்துவிடும். புதிதாக வந்தவனிடம் அந்தக் குறிப்பு இல்லை. அவன் கொண்டுவந்த குறிப்பு இந்த அடுப்புக்குப் பொருந்தாது. அதனால் மற்றவர்கள் யோசிக்காமலே கடந்துபோகிற ஒவ்வொன்றையும் அவன் யோசித்துக் கடக்க வேண்டும். படித்தபோது 'அட, இதுதானா' என்றிருந்தது. நான் சோர்ந்துபோனது வேலையால் அல்ல. பல் விளக்குவதிலிருந்து பஸ் ஏறுவது வரை எல்லாவற்றையும் யோசித்துச் செய்ததால்.

ஆனால் குறிப்பைக் கற்றுக்கொண்டு விடலாம். ஒரு வருஷத்தில் பெரும்பாலும் கற்றுக்கொண்டேன். எந்தக் குப்பை எந்தத் தொட்டி, எந்தப் பாட்டிலுக்கு இருபத்தைந்து சென்ட் திரும்பக் கிடைக்கும், எல்லாம் கைவந்துவிட்டது. அப்போதும் நான் அந்த ஊரில் இல்லை. ஊரின் மேல் நடமாடிக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்த பிறகும் எது மிச்சமிருக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

*

ஸ்டுட்கார்ட் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. சுற்றிலும் குன்று. ஊர்க்காரர்களே தங்கள் ஊரைக் 'கொப்பரை' என்றுதான் சொல்கிறார்கள். குன்றுச் சரிவுகளில் திராட்சை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே திராட்சைத் தோட்டம் இருக்கிற ஊர் அது. மாநகராட்சிக்கே சொந்தத் தோட்டம் உண்டு. தோட்டத்துக்கு ஏறிப்போகக் கட்டிய படிக்கட்டுகள்தான் பின்னால் தெருக்கள் ஆயின. நானூறுக்கு மேல் படிக்கட்டுத் தெருக்கள் இருக்கின்றன. முதல் தடவை ஒரு குன்றின் மேல் ஏறிப் பார்த்தபோது, மேகமலையின் பக்கமிருந்து கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கண் கலங்கியது என்று எழுதினால் மிகை. பசித்தது என்பதுதான் உண்மை.

அந்தச் சரிவுகளில் அதிகம் விளையும் சிவப்புத் திராட்சைக்கு ட்ரோலிங்கர் என்று பேர். எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ட்ரோலிங்கருக்கும் அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்த ஒட்டுதான் மஸ்கட் ஹாம்பர்க் என்று மரபணு ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. அதாவது, அப்பாவின் பந்தலில் தொங்குகிற பழத்தின் பெற்றோரில் ஒன்று என் ஜன்னலுக்கு எதிரே குன்றில் நின்றுகொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று அப்பாவுக்குப் போன் போட்டேன். "அப்ப சொந்தக்கார ஊருக்குத்தான் போயிருக்க" என்றார்.

தமிழ்நாட்டுக்குப் பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வந்த செடி, 'இந்த மண்ணுக்கே உரியது' என்று சான்றிதழ் வாங்கிவிட்டது. அது எப்படி நடந்தது? செடி இங்கே வந்து தன் வழக்கத்தையே மாற்றிக்கொண்டது. ஸ்டுட்கார்ட்டில் கொடி வருஷத்துக்கு ஒரு தடவைதான் காய்க்கும். இலையுதிர்காலத்தில் அறுப்பு, பிறகு மாதக்கணக்கில் தூக்கம். எங்கள் பள்ளத்தாக்கில் அதற்குக் குளிர்காலத் தூக்கமே கிடையாது. கவாத்து வெட்டுகிற நாள்தான் அதற்கு வசந்தம். ஒரு தோட்டத்தில் கவாத்து, அடுத்த தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் அறுப்பு என்று வருஷம் முழுக்கப் பழம் வரும். செடி மாறியது மட்டுமல்ல. அதற்காக நாங்களும் கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்து, தண்ணி முறையை மாற்றி, எங்கள் வருஷத்தையே மாற்றிக்கொண்டோம். பங்கு இரண்டு பக்கமும் இருந்தது.

செடிக்குச் செய்ததை அதே ஊர் ஒரு மனிதருக்குச் செய்யவில்லை.

*

2011 டிசம்பர். முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அணைத் தண்ணீர் 1895-லிருந்து எங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறது. 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பியிருக்கிறது. அணை உடையும் என்று அந்தப் பக்கம் பயம், தண்ணீர் போய்விடும் என்று இந்தப் பக்கம் பயம். கம்பத்திலிருந்து குமுளியை நோக்கி ஜனம் ஆயிரக்கணக்கில் திரண்டு போனது. அந்தப் பக்கம் இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை பார்த்துவந்த தமிழ்த் தொழிலாளிகள் மிரட்டப்பட்டார்கள். நிறைய குடும்பங்கள் இருந்ததைப் போட்டுவிட்டு மலைப்பாதை வழியாக இறங்கி வந்தன.

அப்படி வந்த ஒரு குடும்பம் எங்கள் தெருவில் குடியேறியது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பெரியவன் என் வகுப்பு, எட்டாவது. தெருவே அவர்களுக்கு உதவியது. அதை மறைக்கக் கூடாது. அரிசி கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள், என் அம்மா போர்வை கொடுத்தாள். ஒரு மாதம் யார் வீட்டிலிருந்தாவது குழம்பு போய்க்கொண்டே இருந்தது. அவர் எங்கள் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டக் கற்றுக்கொண்டு வேலைக்கு வர ஆரம்பித்தார்.

அவர் தமிழர். அவர் தாத்தாவும் தமிழர். மலை மேலே அவரைத் 'தமிழன்' என்று சொல்லி விரட்டினார்கள். கீழே எங்கள் தெருவில் அவர் பேர் 'கேரளாக்காரர்'. எங்கள் தெருவில் யாரையும் முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். ரத்த உறவு இல்லாவிட்டாலும் மாமா, சித்தப்பா, அத்தாச்சி என்று ஏதோ ஒன்று இருக்கும். 'தாயா புள்ளையாப் பழகுறோம்' என்பதன் அர்த்தமே அதுதான். அவருக்கு மட்டும் முறை இல்லை. "கேரளாக்காரரே, சாப்ட்டாச்சா?" என்று எல்லாரும் பிரியமாகத்தான் கேட்பார்கள்.

அடுத்த வருஷம் கோடையில் தெருக் கோயில் பொங்கல். எங்கள் பக்கம் அதற்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. பெரியப்பா வீடு வீடாகப் போவார். நோட்டில் எழுதுவதற்கு நான் கூடப் போவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். கேரளாக்காரர் வீட்டைத் தாண்டும்போது அவரே வெளியே வந்தார். கையில் ஐந்நூறு ரூபாய்.

"நம்ம வரியவும் எழுதிக்கங்கண்ணே."

நான் அவர் பேரை எழுதிவிட்டேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே பணத்தை அவர் கையிலேயே திரும்ப வைத்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? நீங்க நம்ம ஊருக்கு விருந்தாளி. வந்து சாமி கும்பிட்டுச் சாப்பிட்டுப் போங்க."

"இல்லண்ணே, இருக்கட்டும்."

"வேணும்னா நன்கொடையா எழுதிக்கிருவோம். ரசீது போட்டுத் தாரோம்."

"நன்கொடை வேணாம்ணே. வரியா எழுதுங்க."

பெரியப்பா என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல், "பேர அடிடா" என்றார்.

அடித்தேன். ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு "சரிண்ணே" என்று உள்ளே போய்விட்டார். மறுநாள் அவர் பையனும் நானும் சேர்ந்துதான் பள்ளிக்கூடம் போனோம். அவன் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

ஐந்நூறு ரூபாய் நன்கொடை செல்லும், ஐந்நூறு ரூபாய் வரி செல்லாது. பதின்மூன்று வயதில் எனக்கு அதன் வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. வரி கொடுத்தவனுக்குக் கோயில் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேச உரிமை உண்டு. "கணக்கைக் காட்டு" என்று கேட்கலாம். திருவிழா வேலையில் அவனுக்கும் ஒரு முறை வரும். நன்கொடை கொடுத்தவனுக்கு ஒரு சால்வை கிடைக்கும்.

*

ஸ்டுட்கார்ட்டில் நான் படி கூட்டாமல் பலகையை நகர்த்திய மறுநாள், கதவுக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. கீழ்வீட்டு அம்மாவின் கையெழுத்து. படிக்கட்டு சுத்தம் செய்யப்படவில்லை, அடுத்த முறை இப்படி நடக்கக் கூடாது. கீழே 'அன்பான வணக்கங்களுடன்' என்றும் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வெள்ளைக்காரி என்னைக் கூட்டச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அந்த நினைப்புக்குள் நிறமும் இருந்தது, அதைவிட ஆழமாக என் ஊரும் இருந்தது.

மேல்மாடியில் ஒரு துருக்கிப் பெரியவர். 1971-ல் வந்தவர். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் நின்று பேசுவார். தாளை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "வாழ்த்துகள்" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் தன் கதையைச் சொன்னார்.

போருக்குப் பிறகு ஜெர்மனி ஆள் பற்றாக்குறையில் தவித்தபோது 1955-ல் இத்தாலியோடும் 1961-ல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளிகளை வரவழைத்தது. அவர்களுக்கு வைத்த பெயர் 'விருந்தினர் தொழிலாளி'. மரியாதையான பெயர். 1964-ல் பத்து லட்சமாவது விருந்தினராகக் கொலோன் நகரில் வந்து இறங்கிய போர்ச்சுகல்காரருக்குப் பூச்செண்டும் மொபெட்டும் பரிசு கொடுத்தார்கள். விருந்தினர் என்றால் வந்தவர், திரும்பிப் போகப்போகிறவர். 1973-ல் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். ஆனால் வந்தவர்களில் பலர் போகவில்லை. நம் பெரியவரும் போகவில்லை. முதல் எட்டு வருஷம் தொழிலாளர் விடுதியில் இருந்தார். அங்கே கூட்டுவதற்கு ஆள் இருந்தார்கள். அவர் பெட்டி அலமாரி மேலேயே இருந்தது. 1979-ல் மனைவி வந்து வீடு எடுத்தபோதுதான் கதவில் முதல் பலகை தொங்கியது. "அன்றைக்குப் பெட்டியை இறக்கினோம்" என்றார்.

விருந்து என்ற நம் சொல்லை அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். பழந்தமிழில் விருந்து என்றால் சாப்பாடு அல்ல. புதுமை. தொல்காப்பியம் புதுவகைச் செய்யுளை விருந்து என்கிறது. புதுமை என்ற பொருள்தான் ஆகுபெயராகிப் புதியவரைக் குறித்தது என்று குறள் உரையில் பரிமேலழகரும் காட்டுகிறார். சொந்தக்காரன் வந்தால் அது விருந்து அல்ல. முன்பின் அறியாதவன் வந்தால்தான் விருந்து. எவ்வளவு பெருந்தன்மையான சொல்! ஆனால் அதற்குள் ஒரு கண்ணியும் இருக்கிறது. புதுமை என்று பேர் வைத்துவிட்டால் அவன் பழையவன் ஆகவே முடியாது. ஆனால் அவன் விருந்து அல்ல.

காண்ட் 1795-ல் எழுதிய நிரந்தர அமைதி பற்றிய நூலில் இதே விளிம்பில்தான் நிற்கிறார். பூமி உருண்டையானது, மனிதர்கள் முடிவில்லாமல் சிதறிப்போக முடியாது, ஆகவே ஒருவரையொருவர் சகித்தே ஆக வேண்டும். அந்நிய மண்ணில் கால் வைத்தவனைப் பகைவனாக நடத்தக் கூடாது. இது கருணை அல்ல, உரிமை என்கிறார். தன் கோனிக்ஸ்பர்க் வட்டாரத்தைத் தாண்டாத மனிதர் இவ்வளவு தூரம் யோசித்தது பெரிய விஷயம். ஆனால் அவர் தருவது வந்து பார்க்கும் உரிமை மட்டும்தான். தங்கும் உரிமைக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். இன்று வந்து நாளை தங்கிவிடுகிறவன்தான் அந்நியன் என்று ஜார்ஜ் சிம்மல் 1908-ல் எழுதியபோது, காண்ட் விட்ட இடத்தில் ஆரம்பித்தார். வருகிறவனை என்ன செய்வது என்பதற்கு எல்லாப் பண்பாட்டிலும் விடை இருக்கிறது. சோறு போடு. தங்கிவிட்டவனை என்ன செய்வது என்பதில்தான் எல்லாருக்கும் நாக்கு குழறுகிறது.

*

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். எனக்கே வந்தது. வரி கட்டினால் ஊர்க்காரன் ஆகிவிடலாமா? துருக்கிப் பெரியவர் ஐம்பது வருஷமாக வரி கட்டுகிறார். அவர் குடியுரிமை மாற்றிக்கொள்ளவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்த வெளிநாட்டவருக்கு ஜெர்மனியில் நகரசபைத் தேர்தலில்கூட ஓட்டு கிடையாது. நானும் மாசாமாசம் வரி கட்டுகிறேன். சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே போய்விடுகிறது. அதனால் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

சிம்மல் அதே கட்டுரையில் ஒரு உதாரணம் சொல்கிறார். இடைக்காலத்தில் ஃபிராங்ஃபர்ட் மாதிரியான நகரங்களில் கிறிஸ்தவக் குடிமகனின் வரி அவன் சொத்து ஏற இறங்க மாறும். யூதனுக்கு மட்டும் ஒரே நிலையான வரி. ஏனென்றால் அவன் நகரத்தின் கண்ணில் இன்ன சொத்துள்ள இன்ன மனிதன் அல்ல, யூதன், அவ்வளவுதான். ஆக, வரி வாங்கிக்கொண்டே ஒருவனை வெளியே நிறுத்த முடியும். பணம் மட்டும் போதாது.

போதுமானது எது என்பதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. முறை. அடுத்து யார் என்பதும் முறை. மாமா, மச்சான் என்ற உறவும் முறை. நீதியும் முறை, 'முறை செய்தல்' என்றால் நியாயம் வழங்குதல். எங்கள் பள்ளத்தாக்கில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். நடுராத்திரி உன் முறை என்றால் நடுராத்திரி மண்வெட்டியோடு போக வேண்டும். வரிசை, உறவு, நீதி மூன்றுக்கும் ஏன் ஒரே சொல்? எனக்கு இப்படித் தோன்றுகிறது: உன் முறை வந்தது என்றால், உனக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார், உனக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். நீ செய்யாவிட்டால் அந்தச் சங்கிலி அறும். அப்படி அறுக்க முடிகிற இடத்தில் இருப்பவன்தான் உள்ளே இருக்கிறான். விருந்தாளியால் எதையும் கெடுக்க முடியாது. அதனால்தான் விருந்தாளியை யாரும் திட்டுவதில்லை. கீழ்வீட்டு அம்மா என்னைத் திட்டி எழுதியதற்குப் பெரியவர் ஏன் வாழ்த்தினார் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆனால் முறை என்ற சொல்லை நான் அவ்வளவு சுலபமாகக் கொண்டாடிவிட முடியாது. அம்மாவின் கேள்வி இருக்கிறது: "அப்பறம் யாரு கூட்டுவா?" எங்கள் தெருவை நான் கூட்டியதில்லை, அப்பா கூட்டியதில்லை. யார் கூட்டினார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்ல. எங்களுக்கு முன்பே அந்த ஊரில் இருந்தவர்களாகக்கூட இருக்கலாம். அவர்கள் தெருவும் பெரியப்பாவின் நோட்டில் இல்லை. கேரளாக்காரர் பேரையாவது எழுதி அடித்தேன். அவர்கள் பேரை எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. ஜாதி என்பது முறைக்கு நேர் எதிரானது. வேலை கைமாறாது, ஒரே கதவில் தலைமுறை தலைமுறையாகப் பலகை தொங்கும். வேறொரு கதவில் தொங்கவே தொங்காது. ஆறாயிரம் யூரோ, பத்தாயிரம் யூரோ என்று கணக்குப் போட்டு வந்த எனக்கு, என் கதவில் அந்தப் பலகை தொங்கியதைப் பார்த்ததும் வந்த அவமானம் அந்த நோட்டிலிருந்து வந்தது.

ஜெர்மன்காரர்கள் மட்டும் சுத்தமானவர்கள் என்றும் சொல்ல மாட்டேன். இப்போது பல குடியிருப்புகளில் பலகையைக் கழற்றிவிட்டுத் துப்புரவு நிறுவனத்திடம் கொடுத்துவிடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு வாளியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். எல்லா ஊரிலும் முறையிலிருந்து தப்பிக்க வசதியுள்ளவன் ஒரு வழி கண்டுபிடிக்கிறான். அம்மா சொன்ன வழியும் அதுதான்.

*

இரண்டாவது தடவை பலகை வந்தபோது கூட்டினேன். துடைத்தேன். மேலிருந்து கீழே வர வேண்டும் என்று தெரியாமல் கீழிருந்து மேலே துடைத்து, என் கால்தடத்தையே திரும்பத் துடைத்தேன். கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

இந்த வருஷம் லீவில் ஊருக்குப் போனேன். தலைக்கட்டு நோட்டு இப்போது இல்லை. சித்தப்பா மகன் போனில் கணக்கு வைத்திருக்கிறான். அதில் கடல் தாண்டி இருக்கிற என் பேர் இருந்தது. கேட்காமலே சேர்த்திருந்தான். பெரியப்பாவிடம் அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன்.

"யாரு, அந்தக் கேரளாக்காரவுங்களா? அவுங்க கம்பத்துப் பக்கம் போயிப் பத்து வருசமாச்சேப்பா."

"அன்னைக்கு வரி குடுக்க வந்தாரே, ஞாபகமிருக்கா?"

யோசித்தார். அவருக்கு ஞாபகமில்லை. "நம்ம அவுங்களுக்கு ஒரு கொறையும் வைக்கலையே. கல்யாணம் காச்சின்னாப் பத்திரிகை வச்சுக் கூப்பிட்டோமே" என்றார். பொய் இல்லை. கூப்பிட்டோம். வந்தார்கள். சாப்பிட்டார்கள். மொய்யும் வைத்தார்கள். அந்த மொய்யைத் திரும்பச் செய்ய அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம் நடந்ததா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

கம்பத்தில் விசாரித்துத் தேடியிருக்கலாம். தேடவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. 'அன்றைக்கு உங்கள் பேரை அடித்தவன் நான்தான்' என்றா? அது அவருக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்பதுகூட, விருந்தாளிக்கு இன்னொரு குழம்பு கொண்டுபோய்க் கொடுக்கிற மாதிரிதான் இருந்திருக்கும்.

திரும்பி வந்த வாரம் என் முறை. ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டுப் பலகையோடு எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கே புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான், சிரியாக்காரன். பத்து நாள்தான் ஆகிறது. மாடிப்படியில் வந்த கீழ்வீட்டு அம்மா என் கையில் பலகையைப் பார்த்துவிட்டு, "பாவம், புதுசு. இந்த ஒரு சுற்று அவனை விட்டுவிட்டு மேலே கொடுத்துவிடுங்களேன்" என்றார். அவர் குரலில் இருந்தது உண்மையான அன்பு. பெரியப்பா குரலிலும் அதுதான் இருந்தது.

கொஞ்ச நேரம் பலகையோடு நின்றேன். என்னிடம் அந்தப் பலகை பேசாமல் வந்தது. யாரும் தட்டவில்லை, யாரும் சொல்லவில்லை. அது சரியல்ல. அவனை விட்டுவிட்டு மேலே கொடுப்பதும் சரியல்ல. கதவைத் தட்டினேன். பாதி தூக்கத்தில் வந்து திறந்தான். பலகையைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கு எனக்குத் தெரிந்ததுதான். வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

எங்கள் இரண்டு பேருடைய ஜெர்மனும் சேர்ந்தாலும் முழுசாக ஒரு வாக்கியம் வராது. 'இது உன் வாரம்' என்றேன். ஏன் என்று கேட்டான். விளக்கம் சொல்ல வார்த்தை இல்லை. "போன வாரம் நான், அடுத்த வாரம் மேல்வீடு, நடுவில் நீ" என்று கையால் காட்டினேன். பிறகு கீழே கூட்டிப்போய் வாளி எங்கே இருக்கிறது, சுடுதண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் திருப்பினால் வரும், மேலிருந்து கீழே துடைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன்.